லாபம் ஏட்டில், பணம் எங்கே?

சிறு தொழில்களும் தொண்டு அமைப்புகளும் பல நேரங்களில் தடுக்கி விழுவது நஷ்டத்தில் அல்ல, பணம் வந்து சேரும் தேதியில். அந்தத் தேதியைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஆர்டர் புத்தகம் நிரம்பியிருக்கிறது. ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கில் லாபம் தெரிகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்க, மனைவியின் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறார் முதலாளி. அதே தெருவில் இருக்கும் தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. அங்கேயும் ஊழியர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. இந்தியாவின் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சிகள் இவை. முதலாமவர் திறமை இல்லாதவர் அல்ல. இரண்டாமவர் நேர்மை இல்லாதவர் அல்ல. இருவரையும் பிடித்திருக்கும் நோய் ஒன்றுதான்: வர வேண்டிய பணத்தையும் வந்துவிட்ட பணத்தையும், தன் பணத்தையும் பிறர் பணத்தையும் பிரித்துப் பார்க்காதது.

நிர்வாகம் என்றதுமே பலருக்கு நினைவுக்கு வருவது குளுகுளு அறையில் நடக்கும் கருத்தரங்கும் தடிமனான புத்தகங்களும்தான். சிறிய அமைப்புக்குத் தேவையான முதல் பாடம் அதைவிட எளிது. எந்தத் தேதியில் எவ்வளவு வரும்? எந்தத் தேதியில் எவ்வளவு போகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. லாபம் என்பது ஆண்டுக் கடைசியில் தெரிய வரும் செய்தி. சம்பளமும் வாடகையும் மின்கட்டணமும் ஆண்டுக் கடைசி வரை காத்திருப்பதில்லை.

80 ரூபாய் பாடம்

இதை வகுப்பறையில் கற்காமலே நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காவ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல் நாள் உற்பத்தி நான்கு பாக்கெட். முதலீடு, சமூக சேவகர் சகன்லால் கரம்சி பாரேக்கிடம் வாங்கிய 80 ரூபாய் கடன். அதுதான் பின்னாளில் லிஜ்ஜத் அப்பளம் ஆயிற்று.

அந்த ஏழு பேருக்கும் பாரேக் சொன்ன யோசனைகள் இன்றைக்கும் எந்தச் சிறு நிறுவனமும் எழுதி வைத்துக்கொள்ளத் தக்கவை. ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்கள், மலிவு ரகம் ஒன்று, உயர்ந்த ரகம் ஒன்று என்று. ஒரே தரம் போதும், அதில் சமரசமே கூடாது என்றார் அவர். இது தர்ம காரியம் அல்ல, தொழில். எனவே கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நன்கொடைக்காக யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று அந்தப் பெண்களும் முடிவு செய்தார்கள்.

முதல் ஆண்டிலேயே அடி விழுந்தது. மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதங்கள் உற்பத்தி நின்றது. விற்பனை இல்லாத நான்கு மாதங்கள் என்றால், புதிதாகத் தொடங்கிய எந்தத் தொழிலையும் சாய்த்துவிடப் போதுமான காலம். அடுத்த மழைக்காலத்துக்கு ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. ஆண்டு முழுவதும் வேலை, ஆண்டு முழுவதும் வரவு. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை; வரவு நிற்கும் மாதங்கள் எவை என்று அடையாளம் கண்டு அதற்கு மட்டும் செலவு செய்த புத்திசாலித்தனம்.

லிஜ்ஜத்தின் அன்றாட நடைமுறையும் இதே வழியில் அமைந்தது. காலையில் மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் உறுப்பினர், இட்டுக் காயவைத்த அப்பளத்தை மறுநாள் கொண்டுவந்து கொடுத்துக் கூலியைப் பெற்றுக்கொள்கிறார். விநியோகஸ்தர்கள் சரக்கை எடுக்கும்போதே பணம் கட்ட வேண்டும். சரக்குக்கான பணம் சீக்கிரம் உள்ளே வருவதால்தான் கூலி சீக்கிரம் வெளியே போக முடிகிறது. எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. 1961ல் மலாடில் ஒரு கிளை தொடங்கிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்வியைத் தாங்கும் அளவுக்கு மூல அமைப்பு பலமாக இருந்தது.

லிஜ்ஜத் வியாபாரமா, தொண்டு அமைப்பா? இந்தக் கேள்விக்கு விடை: இரண்டும். 1966ல் அது சங்கமாகப் பதிவானது. அதே ஆண்டில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை கிராமத் தொழிலாக அங்கீகரித்து, நடைமுறை மூலதனமாக 8 லட்சம் ரூபாயும் அளித்தது. கணக்கு எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருந்த இடத்துக்கு வந்த பணம் அது. 2019ம் ஆண்டு வாக்கில் சுமார் 45,000 பெண்கள் உறுப்பினர்கள். ஆண்டு விற்பனை ரூ.1,600 கோடி அளவுக்கு உயர்ந்திருந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

குஜராத்தின் வேறு இரண்டு கதைகளும் இதையே சொல்கின்றன. 1946ல் பதிவான கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம்தான் பின்னர் அமுல் என்று பெயர் பெற்றது. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில் பணம் என்பது அங்கே உருவான வழக்கம். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு, விலையில் சில காசு கூடுவதைவிட சொன்ன நேரத்தில் கைக்கு வரும் பணம் முக்கியம். அதுதான் அவரைச் சங்கத்தோடு கட்டிப்போட்டது.

அகமதாபாத்தில் இளா பட் 1972ல் தொடங்கிய சேவா சங்கத்தின் உறுப்பினர்களான காய்கறி விற்கும் பெண்களும் பழந்துணி வியாபாரிகளும் காலையில் கடன் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பிக் கொண்டிருந்தார்கள். நாள் முழுவதும் உழைத்த லாபம் வட்டிக்கே போயிற்று. அவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. இல்லாமல் போனது நடைமுறை மூலதனம் மட்டுமே. 1974ல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் போட்டு சேவா வங்கியைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் கொடுத்தது அந்த வங்கி.

வளர்ச்சி கழுத்தை நெரிக்கும்போது

விற்பனை கூடினால் பணக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. ஒரு சிறிய கணக்கு இதைத் தெளிவாக்கும்.

ஊறுகாய் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாதச் செலவு 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். விற்பனை 1.25 லட்சம். மாத லாபம் 25,000. மாங்காயும் எண்ணெயும் ரொக்கத்துக்கு வாங்கப்படுகின்றன. ஊறி, பாட்டிலில் அடைத்து அனுப்ப 10 நாள். வாங்கும் பெரிய கடை பணம் கொடுப்பது 60 நாள் கழித்து. ஆக, போட்ட பணம் திரும்ப 70 நாள். மாதம் 1 லட்சம் செலவு என்றால், 70 நாளுக்கு எந்நேரமும் சுமார் 2.33 லட்சம் ரூபாய் வெளியே முடங்கிக் கிடக்கும்.

இப்போது பெரிய கடை ஆர்டரை இரட்டிப்பாக்குகிறது. வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. ஆனால் முடங்கும் பணமும் இரட்டிப்பாகி 4.67 லட்சம் ஆகிறது. கூடுதலாக வேண்டிய 2.33 லட்சம் ரூபாயை, மாதம் 25,000 லாபத்திலிருந்து சேர்க்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். ஆர்டரோ அடுத்த வாரமே கேட்கிறது. விளைவு: கந்து வட்டி, அடகு, சம்பள பாக்கி. ஏட்டில் லாபம் இரட்டிப்பான அதே மாதத்தில் நிறுவனம் மூச்சுத் திணறுகிறது.

இதற்குத் தீர்வு தேதிகளைச் சுருக்குவதில் இருக்கிறது. 60 நாளை 30 ஆக்க முடிந்தால், பழைய ஆர்டர் அளவில் முடங்கும் தொகை 1.33 லட்சமாகக் குறையும். ஒரு பைசா கடன் வாங்காமல் 1 லட்சம் ரூபாய் விடுபடும். அதற்காக 2 சதவீதம் விலையைக் குறைத்துக் கொடுத்தால்கூட, மாதத்துக்கு 2,500 ரூபாய்தான் போகும். தெருவில் 1 லட்சத்துக்கு மாத வட்டி அதைவிட அதிகமாக இருந்தால், விலையைக் குறைப்பதே லாபம். கூடுதல் ஆர்டர் ஏற்கும்போது மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்பது இன்னொரு வழி. முன்பணமும் இல்லை, தவணையும் குறையாது என்றால், பாதி ஆர்டரை மட்டும் ஏற்பது மரியாதைக் குறைவு அல்ல.

சிலர் வேறு வழி தேடுகிறார்கள்: தங்களுக்குச் சரக்கு கொடுப்பவரைக் காத்திருக்க வைப்பது. மாங்காய் கொண்டுவரும் விவசாயியும் பாட்டில் தருபவரும் தங்களைவிடச் சிறியவர்கள் என்றால், இது நோயைக் கீழே தள்ளிவிடுவது மட்டுமே. ஒரு பருவம் பொறுப்பார்கள். அடுத்த பருவத்தில் நல்ல சரக்கு ரொக்கம் கொடுப்பவரிடம் போய்விடும்.

சட்டம் இருக்கிறது, துணிவு?

பணம் தாமதமாவது விதி அல்ல. 2006ம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாகப் பேசுகிறது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எந்நிலையிலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. வழக்கைக் கேட்க மாநிலம் தோறும் வசதிக் கவுன்சில்கள் உண்டு. புகார் தருவதற்காக 2017ல் சமாதான் இணையதளமும் தொடங்கப்பட்டது.

2023ல் வருமான வரிச் சட்டத்தில் வந்த திருத்தம் கடிவாளத்தை இறுக்கியது. இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத வாங்குபவர், அந்தத் தொகையை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியும். 2024 தொடக்கத்தில் இது முதன்முறையாகக் கடித்தபோது, சூரத் உள்ளிட்ட ஜவுளிச் சந்தைகளில் வணிகர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். நீண்ட தவணைக்குப் பழகிப்போன சந்தைகள் அவை. சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு, பதிவில்லாத நிறுவனத்திடம் போய்விடுவார்களோ என்ற பயமும் கிளம்பியது.

சிக்கல் இங்கேதான். உரிமை பலவீனமானவரிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வாடிக்கையாளரை இழக்க நேரலாம் என்று அவர் அஞ்சுகிறார். எனவே புகார் கடைசி ஆயுதமாக இருக்கட்டும்; அதற்கு முன்னால் செய்யக்கூடியவை பல. முதலாவது, உத்யம் பதிவு. அது இல்லாவிட்டால் இந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் பெறுவது கடினம். உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கே இந்தப் பாதுகாப்பு. 2021ல் மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கும் பதிவு அனுமதிக்கப்பட்டாலும், அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே.

இரண்டாவது, பில்லிலேயே உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய தேதியையும் அச்சிடுவது. ‘45 நாள்’ என்று எழுதுவதைவிட, ‘ஜூன் 14’ என்று எழுதுவது மேல். மூன்றாவது, சரக்கு அனுப்பிய அன்றே பில் அனுப்புவது. மாதக் கடைசியில் மொத்தமாக பில் போடுபவர், முதல் வாரத்தில் அனுப்பிய சரக்குக்குத் தானே மூன்று வாரத் தவணை கொடுத்துவிடுகிறார். நான்காவது, கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டுவது. பணம் கேட்பது வாங்குபவரின் முதலாளியிடம் அல்ல. செக் எழுதும் கணக்குப் பிரிவு ஊழியரிடம். அவர் பெயரும் எந்தக் கிழமையில் பணம் பட்டுவாடா செய்கிறார்கள் என்பதும் தெரிந்திருப்பது பாதி வசூலுக்குச் சமம்.

பெரிய நிறுவனங்களுக்கு சரக்கு கொடுப்பவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. ட்ரெட்ஸ் என்ற மின்னணு மேடைகள் 2017 முதல் செயல்படுகின்றன. வாங்குபவர் ஒப்புக்கொண்ட பில்லை இங்கே வங்கிகள் ஏலத்தில் தள்ளுபடி விலைக்கு எடுத்துக்கொண்டு உடனே பணம் கொடுக்கும். பின்னர் வாங்குபவர் பணம் தராவிட்டால் வங்கி சிறு நிறுவனத்தின் கழுத்தில் கை வைக்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் உத்தரவிட்டது. வாங்குபவர் அந்த அளவுக்குப் பெரியவரா என்று விசாரித்துப் பார்ப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

கல்லாவில் இருப்பதெல்லாம் நம்முடையதா?

தேதியைக் கவனித்தாயிற்று. அடுத்த கேள்வி: கையில் இருக்கும் பணம் யாருடையது? சிறு நிறுவனத்தின் கல்லாவில் எப்போதும் பிறர் பணம் கலந்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் வசூலித்த ஜிஎஸ்டி அரசாங்கத்தின் பணம். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதி ஊழியரின் பணம். பிடித்தம் செய்த வருமான வரி மூன்றாமவருடையது. நெருக்கடி வரும்போது முதலில் கை போவது இவற்றின் மேல்தான். ‘அடுத்த வாரம் கட்டிவிடலாம்’ என்று தொடங்கும். பிடித்த வருமான வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதம் 1.5 சதவீத வட்டி. ஜிஎஸ்டி தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீதம். வட்டி ஒரு பக்கம் இருக்க, ஊழியரின் வைப்பு நிதியைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்ற நடவடிக்கை வரை போகக்கூடியது.

ஜிஎஸ்டியில் இன்னொரு வலி உண்டு. வாங்கியவர் பணம் கொடுக்க 60 நாள் ஆனாலும், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். காலாண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் சிறு நிறுவனங்களுக்கும் மாதாமாதம் பணம் கட்டும் பொறுப்பு தீராது. அதாவது வராத பணத்துக்கு வரி. கைவைத்தியம் எளிது: வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்று. பிறர் பணம் வந்த அன்றே அதற்கு மாற்றிவிட வேண்டும். கண்ணில் படாத பணம் கையில் படாது.

வீட்டுப் பணமும் கடைப் பணமும் கலப்பது இதன் இன்னொரு வடிவம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கல்லாவிலிருந்து போகும். கடை வாடகை வீட்டுச் சேமிப்பிலிருந்து வரும். ஆண்டுக் கடைசியில் கடை லாபத்தில் ஓடியதா, வீடு கடையைத் தாங்கியதா என்று யாருக்கும் தெரியாது. முதலாளி தனக்கென்று ஒரு மாதச் சம்பளம் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கல்லாவைத் தொடாமல் இருப்பதே மருந்து. அந்தச் சம்பளத்தை கடையால் கொடுக்க முடியவில்லை என்றால், உண்மை சீக்கிரமே தெரிய வந்தது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

தொண்டுக்கும் உண்டு கணக்கு

வங்கியில் 20 லட்சம் இருந்தும் சம்பளம் போட முடியாத தொண்டு நிறுவனத்தின் புதிரும் இதுதான். அதில் 12 லட்சம் பள்ளித் திட்டத்துக்கு வந்தது. 5 லட்சம் குடிநீர்த் திட்டத்துக்கு. இரண்டையும் வேறு எதற்கும் தொடக் கூடாது என்பது கொடையாளர்களின் நிபந்தனை. மீதி 3 லட்சம்தான் நிறுவனத்தின் சொந்தப் பணம். வாடகை, கணக்கர், தணிக்கை, பொறுப்பாளர் சம்பளம் என்று எந்தத் திட்டத்திலும் சேராத செலவு மாதம் 1.5 லட்சம் என்றால், நிறுவனத்தின் ஆயுள் இரண்டு மாதம். 20 லட்சம் என்ற எண் வெறும் மயக்கம்.

இங்கே பலர் செய்யும் தவறு, திட்டப் பணத்தைத் ‘தற்காலிகமாக’ எடுப்பது. எடுத்த பணம் திரும்பாது. திட்டச் செலவு நிற்கும். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க முடியாது. சான்றிதழ் இல்லாமல் அடுத்த தவணை வராது. ஒரு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றப் போய், ஓராண்டுத் திட்டத்தை இழக்கும் கதை.

தொண்டு நிறுவனம் பணம் சேர்த்து வைக்கக் கூடாது என்பது ஒரு தவறான நம்பிக்கை. வருமான வரி விலக்கு பெற்ற அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும் என்பதே விதி. மீதி 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் குறிப்பிட்ட நோக்கத்துக்காக, முறைப்படி தெரிவித்து, ஐந்தாண்டு வரை சேர்க்க முடியும். ஆறு மாத நிர்வாகச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, ஆண்டுதோறும் சிறிது சேர்ப்பது பேராசை அல்ல. அது வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்குச் செய்யும் கடமை.

கொடையாளர்களிடம் அலுவலகச் செலவைக் கேட்கவும் தயங்க வேண்டியதில்லை. 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, கம்பெனி தன் அலுவலகத்தில் செய்யும் செலவுக்குத்தான். திட்டத்தை நிறைவேற்றும் தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021லேயே விளக்கம் அளித்தது. இது தெரியாமல், 5 சதவீதத்துக்குள் சுருங்கி ஒப்பந்தம் போட்டுக் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு.

ஒரே வாசலை நம்புவதன் ஆபத்தை 2020ல் பல அமைப்புகள் உணர்ந்தன. அந்த ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆயிற்று. வெளிநாட்டுப் பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பது அறவே தடை செய்யப்பட்டது. பெரிய அமைப்பு வழியாகப் பணம் பெற்று கிராமத்தில் வேலை செய்துவந்த சிறிய அமைப்புகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. சட்டத்தின் நியாயம் பற்றி வாதம் நடக்கலாம். ஆனால் எந்த ஒரு கொடையாளரும், எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டவருக்கு இத்தகைய அடி உயிர் போகும் அடியாக இருக்காது.

சொந்த வருமானம் தேடிக்கொண்ட அமைப்பு அசைவதில்லை என்பதற்கு மதுரையே சாட்சி. 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரிடம் கிடைக்கும் வருமானத்தில் இல்லாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்தது. இலவசமாகக் கொடுக்க வேண்டுமானால், எங்கே கட்டணம் வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாத் தொண்டுக்கும் இது பொருந்தாது. ஆனால் பயிற்சிக் கட்டணம், கூட வாடகை, சிறிய உறுப்பினர் சந்தா என்று நிபந்தனை இல்லாத வரவு ஏதாவது ஒன்று எந்த அமைப்புக்கும் சாத்தியம்தான்.

பதின்மூன்று வாரக் கோடு

இவ்வளவையும் நடைமுறைப்படுத்த கம்ப்யூட்டர்கூட வேண்டாம். கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். அடுத்த 13 வாரங்களுக்கு, அதாவது மூன்று மாதங்களுக்கு, வாரத்துக்கு ஒரு வரி. நான்கு பத்திகள்: வாரத் தொடக்கத்தில் கையில் இருப்பது, வருவது, போவது, வாரக் கடைசியில் மிஞ்சுவது. ‘வருவது’ பத்தியில் நிச்சயமாக வரக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். வழக்கமாக 20 நாள் தாமதிக்கும் வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே பில்லில் உள்ள தேதியை எழுதாமல், அவர் உண்மையில் பணம் தரும் தேதியை எழுதுவதே புத்திசாலித்தனம். ‘போவது’ பத்தியில் தீபாவளி போனஸ், காப்பீட்டுப் பிரிமியம், உரிமக் கட்டணம் போன்ற எப்போதாவது வரும் செலவுகள் விடுபடக் கூடாது. பிறர் பணம் இந்த நோட்டில் சேராது. தொண்டு நிறுவனம் என்றால் திட்டத்துக்கு ஒரு தாள், சொந்தப் பணத்துக்குத் தனித் தாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை மணி நேரம். முடிந்த வாரத்தை அடித்துவிட்டு, கடைசியில் ஒரு புதிய வாரத்தைச் சேர்க்க வேண்டும். ஒன்பதாவது வாரத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று இன்றே தெரிந்தால், செய்ய எட்டு வாரம் இருக்கிறது. வசூலை முடுக்கலாம், கொள்முதலைத் தள்ளிப்போடலாம், வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்கலாம், கொடையாளரிடம் தவணையை முன்கூட்டித் தரச் சொல்லலாம். வங்கியிலும் கொடையாளரிடமும் எட்டு வாரம் முன்பு கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதை, முந்தின நாள் மாலை ஓடி வருபவருக்குக் கிடைப்பதில்லை.

இந்த நோட்டு இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். கையில் பணம் சேர்ந்ததும் இயந்திரம் வாங்குவது, வேன் வாங்குவது. ஐந்தாண்டு உழைக்கும் பொருளுக்கு ஐந்தாண்டுக் கடன்தான் பொருத்தம். அன்றாடப் பணத்தை அதில் போட்டால், புது இயந்திரம் பளபளப்பாக நிற்கும். ஓட்டுபவருக்குக் கூலி கொடுக்க முடியாது.

நோட்டை யார் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். முதலாளியின் தலைக்குள்ளும் நிறுவனரின் பைக்குள்ளும் இருக்கும் கணக்கு, அவர் காய்ச்சலில் படுத்தால் கூடவே படுத்துவிடும். குறைந்தது இரண்டு பேருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றிலிருந்து ஒரு பைசாகூட வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? அந்த எண்ணை உடனே சொல்லத் தெரிந்த பொறுப்பாளரிடம் அமைப்பு பத்திரமாக இருக்கிறது. சொல்லத் தெரியாவிட்டால், அடுத்த கூட்டத்தின் முதல் அலுவல் அதுவாக இருக்கட்டும். சம்பள நாளை எதிர்பார்த்து வீட்டில் அரிசி, பால் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும் ஊழியர்களுக்கு, நிர்வாகம் என்பதன் பொருள் அந்த ஒரு எண்தான்.